வீடு உங்களுக்கு, கடன் இருவருக்கும்

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்தே மணவிலக்கு கேட்டு மனு செய்திருக்கிறோம். குழந்தைகளோடு நான் இப்போதுள்ள வீட்டிலேயே இருந்துகொள்ள அவர் சம்மதித்துவிட்டார். மாதத் தவணையை இனி நானே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பத்திரம், கடன் இரண்டும் இருவர் பெயரிலும் உள்ளன. 20 ஆண்டுக் கடனில் 5 ஆண்டுகள் முடிந்துள்ளன. என் ஒருத்தியின் சம்பளத்துக்கு இந்தக் கடனை மாற்றித் தர முடியாது என்று வங்கி மறுத்துவிட்டது. ‘வீடும் கடனும் மனைவிக்கு’ என்று தீர்ப்பிலேயே எழுதி வாங்கிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. தீர்ப்பு உங்கள் இருவரையும் கட்டுப்படுத்தும்; வழக்கில் தரப்பாக இல்லாத வங்கியைக் கட்டுப்படுத்தாது. இரண்டு சம்பளங்களையும் இரண்டு கையெழுத்துகளையும் நம்பிக் கடன் கொடுத்த வங்கி, அவற்றில் ஒன்றை எழுத்து மூலம் விடுவிக்கும்வரை, நீங்கள் தவணை தவறினால் முழுப் பாக்கியையும் அவரிடம் கேட்க முடியும். அந்தத் தவறு அவருடைய கடன் வரலாற்றிலும் ஏறும். அவர் தனக்கென்று ஒரு வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனாலும், இந்தத் தவணை அவருடைய சுமையாகவே கணக்கில் வரும். இன்று மனமுவந்து சம்மதித்தவர் சில ஆண்டுகளில் கசப்போடு ‘வீட்டை விற்றுவிடு’ என்று சொல்ல நேர்ந்தால், அதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில், இன்றைய தேதியில் அசல் எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஐந்தாண்டு கட்டியாயிற்று, கால்வாசி தீர்ந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். 100 ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கியவர் முதல் 5 ஆண்டுகளில் சுமார் 54 ரூபாய் கட்டியிருப்பார். ஆனாலும் அசலில் ஏறத்தாழ 89 ரூபாய் அப்படியே நிற்கும். தொடக்க ஆண்டுகளின் தவணையில் வட்டியே பெரும்பங்கு என்பதால் வரும் நிலை இது. வீட்டின் இன்றைய சந்தை மதிப்பிலிருந்து இந்தப் பாக்கியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய சொத்து.

வங்கி மறுத்த காரணம் வருமானம் என்பதால், கடனைச் சுருக்கினால் அதே வங்கி இசையவும் கூடும். மணவிலக்கில் உங்களுக்கு ஒட்டுமொத்தத் தொகை ஏதேனும் வருவதாக இருந்தால், அதைக் கையில் வாங்காமல் நேராக அசலில் கட்டச் செய்யுங்கள். காலத்தை நீட்டிக் கேட்பதும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் மிச்சமுள்ள 15 ஆண்டுகளை 25 ஆக்கினால் தவணை ஆறில் ஒரு பங்கு குறையும். ஆனால் இனிக் கட்ட வேண்டிய மொத்தம் 162 ரூபாயிலிருந்து 223 ரூபாயாக ஏறிவிடும். ஓய்வு பெறும் வயதும் அதற்கு இடம் தர வேண்டும். வேறு வங்கியிலும் கேட்டுப் பாருங்கள். உடன்பிறந்தவர் ஒருவரை இணைக் கடனாளராகச் சேர்ப்பது எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. கணவர் இன்று மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நாளை அவர் நிற்பார்.

எதுவும் கைகூடாவிட்டால், கடன் இருவர் பெயரிலேயே இருக்கச் சிறிது காலம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கெடு வேண்டும். இரண்டோ மூன்றோ ஆண்டுகளுக்குள் கடனை உங்கள் பெயருக்கு மாற்றுவீர்கள், இயலாவிட்டால் வீடு விற்கப்படும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். விலை ஏறினால் அந்த ஏற்றம் யாருக்கு, அவருடைய பங்கின் மதிப்பு எந்தத் தேதியில் கணக்கிடப்படும் என்பதை எழுதாமல் விட்டவர்கள்தான் பின்னால் அதிகம் மோதிக்கொள்கிறார்கள். வரி, காப்பீடு, பழுதுச் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். தவணையை உங்கள் தனிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள், பின்னால் அதுவே சான்று. தவணை ஒழுங்காகப் போகிறதா என்று கடன் கணக்கை அவரும் பார்க்க வழி செய்துகொடுத்தால் அவருடைய அச்சமும் பாதி குறையும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிப் பேச விரும்புவதில்லை. பத்திரத்தில் அவர் பெயர் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டால், அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகக்கூடும். அவர் மறுமணம் செய்திருந்தால் அந்தக் குடும்பமும் அதில் சேரும். அவருக்கு வேறு கடன்கள் இருந்தால், கொடுத்தவர்கள் அந்தப் பங்கின் மேல் கை வைக்கவும் முடியும். இதற்காகப் பத்திரத்தை மட்டும் அவசரமாக உங்கள் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். அடமான ஒப்பந்தங்களில் வங்கியின் சம்மதமின்றி உரிமையை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். மீறினால் முழுக் கடனையும் உடனே கேட்க அது இடம் கொடுக்கலாம்.

தவணையும் பராமரிப்பும் போக உங்கள் சம்பளத்தில் மாதம் என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாது என்றால், இப்போதே விற்றுப் பங்கைப் பெற்றுக்கொண்டு, குழந்தைகளின் பள்ளிக்கு அருகில் சிறிய வீட்டுக்குப் போவதையே நான் சொல்வேன். மிஞ்சுகிறது என்றால், வங்கி மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மனுவின் நிபந்தனைகளில் கையெழுத்திடும் முன் உங்கள் வழக்கறிஞரைப் பாருங்கள்.