இசைக்குள் இருந்த மரணம்

மதிப்பிற்குரிய ஐயா,

1929-இல் வெளிவந்த 'பிளாக் அண்ட் டான்' என்ற 19 நிமிடக் குறும்படத்தை அண்மையில் பார்த்தேன். அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனையும் அவருடைய குழுவினரையும் இளமையில் காணக் கிடைத்தது பெரும் பேறு. ஆனால் இதய நோயுள்ள நடனக்காரி தடையை மீறி ஆடி, விழுந்து இறக்கும் கதை, பாட்டுகளைக் கோப்பதற்குக் கிடைத்த மெல்லிய நூலாகவே எனக்குப் பட்டது. பியானோவை எடுத்துச் செல்ல வரும் இரு கறுப்பினத்தவரை எழுத்தறியாதவர்களாகவும், மதுப்புட்டியைக் கண்டதும் மயங்குபவர்களாகவும் காட்டியது வருத்தம் தந்தது. கதையை விட்டுவிட்டு இசையை மட்டும் படமாக்கியிருக்கலாம் அல்லவா?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

பியானோ தூக்க வருபவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். அந்நாளைய அமெரிக்க மேடையும் திரையும் கறுப்பின மக்கள்மேல் ஏற்றி வைத்திருந்த கேலிச்சித்திரம் அது. அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆயினும், பணம் கட்ட முடியாத ஒரு கலைஞனின் அறையிலிருந்து அவனுடைய பியானோவே போகவிருக்கிறது என்ற செய்தியும் அதே காட்சியில்தான் இருக்கிறது. டியூக் என்ற பெயரிலேயே எலிங்டனும், நடனக்காரியாக ஃப்ரெடி என்ற பெயரிலேயே நடிகை ஃப்ரெடி வாஷிங்டனும் நடித்திருப்பதால், அந்த வறுமையை வெறும் கற்பனையாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

கதை மெலிந்தது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். 'பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி' என்ற இசையை எலிங்டனும் டிரம்பெட் கலைஞர் பப்பர் மைலியும் சேர்ந்து ஆக்கினார்கள். 1927-இல் அது இசைத்தட்டாக வந்தது. அந்தத் தட்டைக் கடைசிவரை கேட்டுப் பாருங்கள். புளூஸ் என்ற கறுப்பின மக்களின் சோக இசையின் துயரத்தில் தொடங்கி, இடையில் துள்ளலும் உறுமலுமாகச் சென்று, முடிவில் போலந்து இசைமேதை ஷோபானின் சவ ஊர்வல இசையின் சில அடிகளில் அது போய் அடங்கும். அதாவது, படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்த இசைக்குள் ஒரு சாவு இருந்தது. இயக்குநர் டட்லி மர்ஃபி வெளியிலிருந்து ஒரு கதையைக் கொண்டுவந்து ஒட்டவில்லை, அந்தக் கடைசி அடிகள் யாருக்காக ஒலிக்கின்றன என்று கேட்டு அதற்கொரு விடையைப் படமாக்கினார் என்றே நான் கருதுகிறேன். படம் வந்த அதே 1929-இல் புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை வைத்து 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' எடுத்தபோதும் அவர் பாட்டிலிருந்தே கதையை வளர்த்தார். பெஸ்ஸி ஸ்மித் திரையில் தோன்றியது அந்த ஒரு படத்தில் மட்டுமே.

நீங்கள் விரும்புவது போல, கலைஞர்களைத் திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்தி, அசையாத கேமராவால் பதிந்த குறும்படங்கள் அக்காலத்தில் ஏராளமாக வந்தன. ஆவணம் என்ற அளவில் அவை எனக்கும் அருமையானவை. ஆனால் ஃப்ரெடிக்குத் தலை சுற்றும்போது, கண்ணாடிபோல மின்னும் தரையில் ஆடுபவர்கள் அவள் பார்வையில் பலவாகச் சிதறிப் பெருகுகிறார்களே, அந்தக் காட்சியை அசையாத கேமரா ஒருநாளும் தந்திருக்காது. ஓவியர் ஃபெர்னான் லெஜேயுடன் 1924-இல் 'பாலே மெக்கானிக்' என்ற சோதனைப் படத்தை எடுத்த அனுபவம் மர்ஃபிக்கு இங்கே கைகொடுத்திருக்க வேண்டும்.

அவள் விழுந்த பிறகு நடப்பதை மறுபடி பாருங்கள். அடுத்த ஆட்டம் தொடர வேண்டும் என்கிறார் அவள் ஆடிய இரவு விடுதிக்காரர். டியூக் பாதியிலேயே இசையை நிறுத்திவிட்டு எழுந்து போகிறார். அப்போது எலிங்டன் குழு வாசித்துவந்த நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் மேடையிலிருந்தவர்கள் கறுப்பர்கள், பார்வையாளர்கள் வெள்ளையர்கள். அதை அறிந்தவருக்கு அந்த எழுந்து போதலின் கனம் புரியும். ஃப்ரெடி வாஷிங்டனும் பின்னாளில், 1937-இல், கறுப்பின நடிகர்களுக்கென ஒரு சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

தொடக்கத்தில் அந்த வறிய அறையில் ஆர்தர் வெட்சலின் டிரம்பெட்டில் ஒத்திகையாகக் கேட்ட அதே இசையைத்தான் ஃப்ரெடி மரணப் படுக்கையில் கேட்கிறாள். ஹால் ஜான்சன் பாடகர் குழுவினரின் நிழல்கள் சுவரில் உயர்ந்து நிற்கின்றன. கேமரா அவள் கண்ணாகவே மாறிவிடுகிறது. டியூக்கின் முகம் கலங்கி மங்கும்போது, ஷோபானின் அடிகள் வந்து சேர்கின்றன.

அன்புடன்.