மேகத்துக்குள் பனிப்படிகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேகங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், மைனஸ் 15 டிகிரியிலும் மேகத்துளிகள் நீராகவே மிதக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நீர் 0 டிகிரியில் உறையும் என்றுதானே படித்திருக்கிறோம்? அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். சரி, அந்தத் துளி உறைந்துதான் பனிப்படிகம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், உருண்டையான துளி எப்படி ஆறு கை விரித்த நட்சத்திரமாகிறது? ஒரு கை கிளைவிடுவது மற்ற ஐந்துக்கும் எப்படித் தெரிகிறது? கடைசியாக ஒன்று. சில்வர் அயோடைடு தூவி மழை வரவழைக்கிறார்களே, இரண்டு மடங்கு தூவினால் இரண்டு மடங்கு பெய்யுமா?

ர.

அன்புள்ள ர.,

அச்சுப்பிழை இல்லை. 0 டிகிரி என்பது பனிக்கட்டி உருகும் புள்ளி. அதற்குக் கீழே போனதும் நீர் உறைந்தே தீரவேண்டும் என்று விதி கிடையாது. உறைவதற்கு முதலில் சில மூலக்கூறுகள் பனிக்கட்டியின் ஒழுங்கில் சேர்ந்து ஒரு கரு உண்டாக வேண்டும். கரு மிகச் சிறியதாக இருந்தால், அதன் மேற்பரப்பை உண்டாக்க ஆகும் ஆற்றல், உறைவதால் கிடைக்கும் ஆதாயத்தைவிட அதிகம். ஆகவே சேர்ந்த வேகத்திலேயே கலைந்துவிடும். குளிர் கூடக்கூட, தாக்குப்பிடிக்கத் தேவையான கருவின் அளவு குறைகிறது. 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள தூய துளி தானாக உறைய ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரை போகவேண்டும்.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சுத்திகரித்த நீர் உள்ள திறக்காத பிளாஸ்டிக் பாட்டிலை ஃப்ரீசரில் படுக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து அசைக்காமல் எடுங்கள். இன்னும் நீராக இருந்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். கண்ணெதிரே ஊசி ஊசியாகப் பனி ஓடும். பலமுறை தோற்கும், ஏனென்றால் அரை லிட்டர் நீரில் எங்காவது ஒரு தூசி இருந்தாலே போதும், முழுப் பாட்டிலும் முன்கூட்டியே உறைந்துவிடும். மேகத்துளிக்கு உள்ள சலுகை அதன் சிறுமைதான். அவ்வளவு சிறிய துளியில் சரியான தூசி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்தச் ‘சரியான தூசி’ அபூர்வமானது. பாலைவன மண்ணிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் துகள், சில களிமண் வகைகள் மைனஸ் 15-ஐ ஒட்டி வேலை செய்யும். சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியா மைனஸ் 2-லேயே உறையவைத்துவிடும். (பயிர்களைப் பனியில் கருகவைப்பதும் அதே ஆசாமிதான்.) மைனஸ் 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றுக்கு இப்படிப்பட்ட துகள் ஒன்று என்பது தோராயக் கணக்கு. அதே ஒரு லிட்டரில் துளிகள் லட்சக்கணக்கில் இருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குள் ஒரு பிழையான ஊகம் ஒளிந்திருக்கிறது. நட்சத்திரம் உறைந்த துளி அல்ல. மைனஸ் 15-ல் ஒரு துளி உறையத் தொடங்கினால், நீர் பனியாகும்போது வெளிவிடும் வெப்பத்தால் (உள்ளுறை வெப்பம்) துளி சட்டென்று 0 டிகிரிக்கு ஏறிவிடும். அந்தக் கணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் பனியாகியிருக்கும். மிச்சம், வெப்பத்தைக் காற்றுக்கு விட்டு விட்டு, மெதுவாகத்தான் உறையும். முடிவில் கிடைப்பது ஒரு பனி உருண்டை, அவ்வளவுதான். அதன்பின் வரும் வளர்ச்சி முழுவதும் ஆவியிலிருந்து.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மைனஸ் 15-ல் நீரின் மேல் நிறைவுற்ற ஆவியழுத்தம் (ஆவியாவதும் திரும்பச் சேர்வதும் சமமாகும் அழுத்தம்) சுமார் 1.91 மில்லிபார், பனிக்கட்டியின் மேல் 1.65. அதாவது துளிகளுக்குப் ‘போதும்’ என்றிருக்கும் காற்று, பனிக்கு ஏறக்குறைய 16 சதவீதம் மிகையானது. படிகம் அந்த மிகையை இழுத்துக்கொள்ளும். காற்று வறள, துளிகள் ஆவியாகி ஈடுகட்டும், அதையும் படிகம் இழுக்கும். ஒரு துளிகூடப் படிகத்தைத் தொடவேண்டியதில்லை. 1911-ல் வெகனர் இதைக் கோடிகாட்டினார். ஆம், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வெகனர். மழையோடு பொருத்தி விரித்தவர்கள் பெர்ஷெரான், ஃபின்டைசன் என்ற வானிலை ஆய்வாளர்கள்.

வடிவத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. ஜப்பானில் நகாயா என்ற இயற்பியலாளர் 1936-ல் முயல் மயிர் நுனியில் படிகம் வளர்த்து இதைக் கண்டார். மைனஸ் 2-ஐ ஒட்டித் தட்டுகள், மைனஸ் 5-ல் ஊசிகள், மைனஸ் 15-ல் கிளைவிட்ட நட்சத்திரங்கள், மைனஸ் 22-க்குக் கீழே தட்டும் தூணும் கலந்து வரும். அறுகோணத் தட்டின் ஆறு மூலைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் புது ஆவி முதலில் அவற்றுக்கே கிடைக்கும். நீண்ட மூலை இன்னும் நீளும், கையாகும். அரைமணி நேரத்தில் சில மில்லிமீட்டர்.

கைகளுக்குள் செய்தித் தொடர்பு ஏதும் இல்லை. படிகம் மேகத்தில் விழுந்தும் ஏறியும் போகும் வழியில் வெப்பநிலையும் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் ஆறு கைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாற்றம்தான். அதனால் ஒரே சமயத்தில் கிளைவிடுகின்றன. அதுவும் கச்சிதமாக நடப்பது அபூர்வம். புகைப்படங்களில் வருபவை பொறுக்கி எடுத்தவை. பெரும்பாலான படிகங்கள் கோணல்மாணல்தான்.

பெரிதான படிகம் விழும்போது மீகுளிர் துளிகள் (0 டிகிரிக்குக் கீழும் உறையாமல் இருப்பவை) மோதி ஒட்டி உறைந்து, நட்சத்திரத்தை அடையாளம் தெரியாமல் மூடிவிடும். அதுவே பனிக்குறுணை. மைனஸ் 3-க்கும் மைனஸ் 8-க்கும் நடுவே இது நடந்தால் நுண்ணிய பனிச்சில்லுகள் தெறிக்கின்றன என்று ஹாலெட், மோஸப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஒவ்வொரு சில்லும் புதுப் படிகத்துக்கு விதை. தூசிக் கணக்கைவிடப் பலமடங்கு படிகங்கள் சில மேகங்களில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி சில்வர் அயோடைடு. அதன் அணு அடுக்கு பனிக்கட்டியினுடையதை ஒத்தது. மைனஸ் 5-ஐ ஒட்டி வேலையைத் தொடங்கும். மேகத்தின் உச்சி அதைவிட வெதுவெதுப்பாக இருந்தாலோ, மீகுளிர் நீரே இல்லாவிட்டாலோ, எவ்வளவு தூவினாலும் வீண். அளவுக்கு மீறித் தூவுவது கெடுதலாகவும் முடியலாம். பங்குபோட இருக்கும் நீர் அதேதான், பங்காளிகள் மட்டும் கூடுகிறார்கள். எல்லாப் படிகங்களும் பொடியாக நின்று, விழும் எடையை எட்டாமல் மிதக்கும்.

இந்த வேலை முழுவதையும் தரையில் நின்றே பார்க்க ஒரு வழி உண்டு. மெல்லிய மீகுளிர் மேகப்படலத்தை விமானம் ஊடுருவும்போது இறக்கைமேல் காற்று விரிந்து குளிர்ந்து, துளிகளைத் தூசி இல்லாமலே உறையவைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் படலத்தில் வட்டமாக ஓர் ஓட்டை விழும், நடுவில் வெள்ளைக் குஞ்சம் தொங்கும். குஞ்சம்தான் படிகங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் இருந்த துளிகளெல்லாம் ஆவியாகி அந்தக் குஞ்சத்துக்குள் போய்விட்டன.