அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவரும் கூச்ச சுபாவம் உள்ளவருமான கிளாரா பார்ட்டன் எப்படி இவ்வளவு பெரிய சேவை செய்தார்?

கூச்சம் என்பது, எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் பேச்சும் உடம்பும் பின்வாங்குவது. கவனம் நம்மை விட்டு வேறொருவர் பக்கம் போனால் அது தானாகத் தளர்ந்துவிடும். கல்யாண வீட்டில் நாலு பேரிடம் பேசத் தயங்கி மூலையில் நிற்பவரின் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துப் பாருங்கள், முன்பின் தெரியாதவரிடமும் "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்பார்.

1821இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த கிளாராவுக்கு அந்த வாளி சிறுவயதிலேயே கிடைத்தது. கூரையிலிருந்து விழுந்த அண்ணன் டேவிட்டை, பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே சுமார் இரண்டு ஆண்டுகள் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டார். அப்புறம், கூச்சம் போகட்டும் என்றுதான் ஆசிரியர் வேலைக்கே அனுப்பினார்கள்! உள்நாட்டுப் போர் வந்ததும் மருந்தும் துணியும் திரட்டிக்கொண்டு போர்முனைக்கே போனார். 1862இல் ஆன்டீட்டம் களத்தில் ஒரு வீரருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கிளாராவின் சட்டைக் கையைத் துளைத்துச் சென்ற குண்டு அந்த வீரரைக் கொன்றது. அதற்குப் பிறகும் அவர் களத்தை விட்டு நகரவில்லை. போர் முடிந்ததும் காணாமல்போன 20,000க்கும் மேற்பட்ட வீரர்கள் என்ன ஆனார்கள் என்று அவருடைய அலுவலகம் தேடிச் சொன்னது. எனக்கு அவர் செய்ததிலேயே இதுதான் பெரியது, ஏனென்றால் மகன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களுக்கு வந்த பதில் அது.

செஞ்சிலுவைச் சங்கத்தையே இவர்தான் தொடங்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1863இல் ஜெனீவாவில் தொடங்கியது, கிளாரா 1881இல் நிறுவியது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை.