தக்காளி நோட்டும் ஆறாம் வகுப்பும்

பெண்ணை ஆறாம் வகுப்புக்கு எங்கே படிக்க வைப்பது என்று யோசனை கேட்டு, போன வாரம் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, ஓசூரில் வேலை பார்க்கும் தாய்மாமா, நடுவில் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண். ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் படிக்கிறாள். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை யாரிடமோ இரவல் வாங்கி லீவிலேயே போட்டு முடித்துவிட்டாளாம்.

"இவ்வளவு அறிவான பிள்ளைய அங்கேயே விட்டா வீணாப் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்றார் அம்மா. மாமாவின் கையில் வழவழப்பான ஒரு விளம்பரத் தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி; ஆறாம் வகுப்பிலிருந்தே ஐஐடி, நீட் பவுண்டேஷன். விடுதியோடு சேர்த்து வருஷத்துக்கு 1,60,000 ரூபாய். முன்பணமாக 10,000 கட்டியும் ஆகிவிட்டது.

முதலில் பயப்பட வேண்டாம் என்றேன். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. ஏழு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால், கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும் 11,20,000. நிலத்தை வைத்துத்தான் கட்ட வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையின் ஆறாம் வகுப்புக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள் என்று நேராகவே சொன்னேன். மாமாவுக்கு முகம் சுருங்கியது.

பெண்ணிடம் பேசினேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அப்பா மண்டிக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் பெட்டி என்ன விலைக்குப் போனது என்று தேதிவாரியாக எழுதி, வாரச் சராசரியும் போட்டிருக்கிறாள். "விலை விழும்னு தெரிஞ்சும் ஏன் சார் எல்லாரும் ஒரே சமயத்துல நடறாங்க?" என்று கேட்டாள். "அது சும்மா விளையாட்டு" என்றார் மாமா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கேள்வி அவளுக்குத் தினமும் கிடைப்பது வீட்டில்தான். விடுதியில் விடிகாலை ஸ்டடியும் வாராந்திரத் தேர்வும் கிடைக்கும். அவளுக்கே அங்கே போக விருப்பமில்லை. ஒரு தடவைதான் கேட்டேன், தலையை ஆட்டி 'வேண்டாம்' என்றாள். மறுபடி மறுபடி கேட்டு மனசை மாற்றுவது ஆலோசனை ஆகாது.

இன்னொரு விஷயம், இதை விளம்பரத் தாள் சொல்லாது. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இப்போது தனியாருக்குப் போய்விட்டு, பணம் முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். அரசு உதவிபெறும் பள்ளிக்கும் இந்த ஒதுக்கீடு இல்லை, டவுனில் சேர்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் பார்ப்பது இந்த ஆறாம் வகுப்பிலிருந்துதான்.

சரி, அறிவான பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் தீனி என்ன? பலர் கண்டுகொள்ளாத ஒன்று என்எம்எம்எஸ் என்கிற, மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்கள் மட்டும் எழுதலாம்; குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய், பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள்.

பணத்தைவிட எனக்குப் பிடித்தது அந்த வினாத்தாள். இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிடம். முதல் தாளில் பாடமே கிடையாது. எண் வரிசையில் விட்டுப்போன எண், சங்கேதச் சொல், கண்ணாடியில் உருவம் எப்படித் தெரியும், கூட்டத்தில் சேராதது எது என்று புதிர் புதிராக வரும். இரண்டாவதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. விலை நோட்டு எழுதுகிற பிள்ளைக்கு முதல் தாள் கரும்பு தின்கிற மாதிரி. பழைய வினாத்தாளை ஆறாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்குப் பத்துக் கேள்வி என்று கொடுங்கள், போதும். கோச்சிங் எதுவும் வேண்டாம். தேர்வான பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் 60 சதவீதமும் வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55.

வகுப்பு அவளுக்கு மெதுவாகத்தான் போகும். அதை மறைக்க மாட்டேன். ஆறு முதல் எட்டு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானவில் மன்றம் என்று அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டம் இருக்கிறது. அதில் அவளை முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை தருமபுரி மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், பஸ் செலவுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் சொல்லவில்லை. வேலை நாளில் பள்ளிக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். கணக்குக்குப் பட்டதாரி ஆசிரியர் இப்போது இருக்கிறாரா? கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேர் என்எம்எம்எஸ் எழுதினார்கள்? ஆசிரியர் இடம் காலி, யாருமே எழுதவில்லை என்றால், பஸ் ஏறிப் போகிற தூரத்தில் வேறு அரசுப் பள்ளியைப் பாருங்கள். அப்போதும் விடுதி வேண்டாம்.

எழுந்து போகும்போது மாமா, "கட்டின பத்தாயிரம்?" என்றார். திரும்பக் கேளுங்கள் என்றேன். தராவிட்டால் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் அந்த விளம்பரத் தாளை மடித்து மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.