பூனைக் கண்: மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை எடுக்கும் முன்

கேள்வி: நான்கு வயதுப் பூனை. நேற்று முதல் இடது கண்ணை இடுக்கி மூடிக்கொண்டே இருக்கிறது, நீர் வடிகிறது. போன வருஷம் கண் சிவந்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி இருக்கிறது. அதையே போடலாமா?

பதில்: போடாதீர்கள். குப்பியின் மேல் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. பூனை கண்ணை இடுக்கினால் வலிக்கிறது என்று பொருள். வலித்தால் கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலத்தில், புண் உண்டா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். புண்ணின் மேல் ஸ்டீராய்டு பட்டால் மேல்தோல் படர்வது தடைப்படும், கிருமிக்கும் வழி திறந்துவிடும். பூனையின் கருவிழி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான். கிருமி சேர்ந்த புண் ஓரிரு நாளில் அதைத் துளைத்துவிடக்கூடும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், ஸ்டீராய்டு போட்டதும் சிவப்பு குறையும். குணமாகிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போதே உள்ளே புண் ஆழமாகும்.

கால்நடை மருத்துவரிடம், “ஃப்ளோரசின் சாயம் போட்டுப் பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள். சில நிமிட வேலை. சாயம் புண்ணில் மட்டும் ஒட்டும், நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். சுற்றிலும் பச்சை வளையம் தெரிந்து நடுவில் சாயம் ஒட்டாமல் இருந்தால் புண் கடைசிச் சவ்வுவரை இறங்கிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய நிலை அது.

மருத்துவரைப் பார்க்கும்வரை கழுத்தில் கூம்புப் பட்டை போடுங்கள். 0.9 சதவீத உப்புநீரில் நனைத்த காஸ் துணியால் பீளையை மட்டும் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை கண்ணில் ஒட்டும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். கருவிழி கூழ்போல் கரைவதாகத் தெரிந்தாலோ, நடுவில் குழி விழுந்தாலோ, இரவானாலும் கிளம்புங்கள்.

கேள்வி: கருவிழிப் புண் என்று இரண்டு சொட்டு மருந்தும் ஒரு களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றைத் தினம் ஆறு முறை போட வேண்டும். நான்காம் நாளே குப்பியைப் பார்த்ததும் கட்டிலடியில் ஓடிவிடுகிறது. ஒரு சொட்டு போட்டதும் வாயில் நுரை தள்ளுகிறது. ஒவ்வாமையா?

பதில்: பெரும்பாலும் கசப்புதான். கண்ணில் விட்ட மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். அட்ரோபின் சொட்டு என்றால் நுரை தள்ளுவது சகஜம். களிம்பு வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள், நுரை குறையும். அட்ரோபினால் கண்ணின் பாவை சில நாள் விரிந்தே இருக்கும், வெளிச்சம் கூசும். ஆனால் முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, மருந்து போட்ட சற்று நேரத்தில் வாந்தி எடுத்துத் துவண்டாலோ அது வேறு. நியோமைசின், பாலிமிக்ஸின் சேர்ந்த கண் மருந்துகளில் அபூர்வமாக இது நடக்கும். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள்.

இனி போடும் முறை. முகத்துக்கு நேரே குப்பியை நீட்டினால் எந்தப் பூனையும் ஓடும். அதன் முதுகு உங்கள் வயிற்றில் படும்படி மேசையில் உட்கார வைத்து, முன்கால்கள் உள்ளே இருக்கும்படி துண்டால் சுற்றுங்கள். ஒரு கையால் தாடையைத் தாங்கி முகத்தைச் சற்று மேலே தூக்குங்கள். குப்பி பிடித்த கையின் அடிப்பகுதி பூனையின் உச்சந்தலையில் ஊன்றியிருக்கட்டும். அது தலையை அசைத்தால் உங்கள் கையும் சேர்ந்து அசையும், முனை கண்ணில் குத்தாது. அதே கையின் விரலால் மேல் இமையைத் தூக்கி, பின்னாலிருந்து ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், கண்ணில் அதற்கு இடமில்லை.

மருந்துக்கும் மருந்துக்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். தெளிந்த சொட்டு முதலில், குலுக்கிப் போடும் கலங்கல் சொட்டு அடுத்து, களிம்பு கடைசியில். களிம்பு முந்தினால் சொட்டு உள்ளே இறங்காது. கீழ் இமைக்குள் அரை சென்டிமீட்டர் போதும். முடிந்த கையோடு பிடித்த தீனி கொடுங்கள். ஒளிந்த பூனையை இழுத்து எடுப்பது மறுநாள் வேலையை இரட்டிப்பாக்கும். கட்டில் இல்லாத சிறிய அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கூம்புப் பட்டையின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்ட வேண்டும். இரக்கப்பட்டுக் கழற்றும் பத்து நிமிடத்தில் ஒரு வாரக் குணத்தை நகம் கிழித்துவிடும்.

மேலோட்டமான புண் ஒரு வாரத்தில் ஆற வேண்டும். ஆறவில்லையென்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்: உள்ளே மடிந்த இமை, மூன்றாம் இமைக்கு அடியில் சிக்கிய துரும்பு, ஹெர்பிஸ் வைரஸ். கருவிழியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ திட்டு வந்தால் அழுக்கென்று துடைக்காதீர்கள். அது செத்துப்போன கருவிழித் திசு. பெர்சியன் போன்ற தட்டை முகப் பூனைகளுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஹெர்பிஸ் என்றார்கள். லைசின் பொடி கொடுத்தால் திரும்ப வராதா? எங்களுக்குத் தொற்றுமா?

பதில்: உங்களுக்குத் தொற்றாது, மற்ற பூனைகளுக்குத் தொற்றும். லைசினைச் சோதித்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, சிலவற்றில் நோய் கூடியது. வைரஸ் முகத்து நரம்பு முடிச்சில் ஆயுசுக்கும் தங்கும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் அதை எழுப்பும். மருத்துவர் தரும் ஃபாம்சிக்ளோவிர் பூனைக்கு ஏற்றது. பெயர் ஒத்திருக்கிறது என்று மனிதருக்கான வாலாசிக்ளோவிரைக் கொடுத்தால் உயிரே போகும்.

கேள்வி: பதின்மூன்று வயதுப் பூனை இன்று காலை முதல் சுவரில் முட்டுகிறது. கண் சிவக்கவில்லை, பாவை இரண்டும் அகலமாக இருக்கின்றன.

பதில்: இன்றே ரத்த அழுத்தம் பாருங்கள். வயதான பூனைக்குத் திடீரெனப் பார்வை போனால் முதல் சந்தேகம் அதுதான். அழுத்தத்தால் விழித்திரை பிரிந்துவிடும். மேல் அளவு 160-ஐத் தாண்டி கண்ணும் பாதித்திருந்தால் சிகிச்சை வேண்டும், வழக்கமாக அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து. பயத்தில் அளவு ஏறும் என்பதால் பூனையை அமைதிப்படுத்தி, பலமுறை எடுத்துச் சராசரி காண வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் ஓரளவு பார்வை திரும்ப வாய்ப்புண்டு. சிறுநீரகத்தையும் தைராய்டையும் சேர்த்துச் சோதியுங்கள். அண்மையில் என்ரோஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமை மீறினால் அது பூனையின் விழித்திரையைக் கெடுக்கும்.

கேள்வி: கண் அழுத்த நோயில் ஒரு கண் பார்வை போய்விட்டது. கண்ணையே எடுக்கச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

பதில்: அழுத்தம் ஏறிய கண் ஓயாமல் வலிக்கும். பூனை கத்தாது, தூங்கும், தீனியைக் குறைக்கும், விளையாட்டை விடும். கண் அழுத்தத்தைக் குறைக்க மனிதருக்குத் தரும் லாட்டனோபிராஸ்ட் சொட்டு பூனைக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை. டார்சோலமைட் போன்ற வேறு சொட்டுகளைப் போட்டும் அழுத்தம் இறங்கவில்லை, பார்வையும் இல்லை என்றால் எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. எடுத்த கண்ணைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், புற்றுநோயால் அழுத்தம் ஏறியிருக்கவும் கூடும். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், அதுவரை கூம்புப் பட்டை இருக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் மணல் தட்டையும் தண்ணீரையும் இடம் மாற்றாதீர்கள். பார்வை இல்லாத பக்கமிருந்து தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.