மாஸ்தி வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கன்னட நவோதய (இருபதாம் நூற்றாண்டு இலக்கிய மறுமலர்ச்சி) எழுத்தாளர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிறு காலை அவர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்கக் கிளம்பினேன். டிராஃபிக்கில் இரண்டரை மணி நேரம். கவிபுரத்தில் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டுக்குப் போனால் புத்தகங்களும் நாற்காலிகளும்தான். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

வாசகர், ஒயிட்ஃபீல்டு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பரவாயில்லை. முதல் தடவை எனக்கு வீடே அகப்படவில்லை. ஒரு அம்மாளிடம் தப்புத்தப்பான கன்னடத்தில் வழி கேட்டேன். "நேரே போய் இடது பக்கம் திரும்புங்கோ" என்று தமிழில் பதில் வந்தது.

மாஸ்தியின் வீட்டு மொழியும் தமிழ்தான். கோலார் பக்கத்து ஐயங்கார் குடும்பம், படித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில எம்.ஏ. எழுதியதோ கன்னடத்தில். 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்பார்கள் அங்கே. நமக்கு அதை மொழிபெயர்க்கவே வேண்டாம். நாடகக்காரர் டி.பி. கைலாசமும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை.

மாஸ்தி, 1943-இல் தனக்கு இளையவருக்கு மேல்பதவி கொடுத்தார்கள் என்று மைசூர் அரசு வேலையை உதறிய மனிதர். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலமானால் குடையும் கையுமாகக் காந்தி பஜார் பக்கம் கிளப்புக்கு நடந்தே போய்ச் சீட்டாடுவார். 1983-க்கான ஞானபீடம் கிடைத்தபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

நீங்கள் பார்க்காமல் விட்டது அந்த வழியைத்தான். அடுத்த முறை கார் வேண்டாம். மெஜஸ்டிக்கில் பச்சை வழி மெட்ரோவுக்கு மாறி நேஷனல் காலேஜில் இறங்குங்கள். மதியத்துக்கு மேல் கவிபுரம் வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் அவரைப் போலவே காந்தி பஜாருக்கு நடங்கள். பியூகிள் ராக் பூங்காவில் கன்னட எழுத்தாளர் டி.வி. குண்டப்பாவின் சிலையைப் பார்க்கலாம். அப்புறம் வித்யார்த்தி பவன். 1943-இல் தொடங்கிய ஹோட்டல். மசால் தோசை வரும்வரை சுவரிலிருக்கும் எழுத்தாளர் படங்களில் மாஸ்தியைத் தேடுங்கள். சாமராஜ்பேட்டையில் 1915-இல் தொடங்கிய கன்னட சாகித்ய பரிஷத் என்ற இலக்கிய அமைப்பும் உண்டு. அது இன்னொரு நாள் போதும்.

போவதற்குள் 'சிக்கவீர ராஜேந்திர' நாவலைப் படித்துவிடுங்கள், குடகின் கடைசி அரசனைப் பற்றியது. தமிழிலும் வந்திருக்கிறது. சரி, இப்போதெல்லாம் பெங்களூரில் சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது. நீங்களும் குடையோடு போங்கள்.