வயிறு வலிக்கவில்லை என்றால் கொஞ்சம் கோதுமை சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ரத்தசோகைக்குக் காரணம் தேடியபோது சீலியாக் நோய் என்று தெரிந்தது. எட்டு மாதமாகக் குளூட்டன் இல்லாத உணவுதான். ஆனால் எனக்கு வயிற்றில் எப்போதுமே பெரிய தொந்தரவு இருந்ததில்லை. விருந்தில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. வாழ்நாள் முழுக்க இவ்வளவு கண்டிப்பு தேவையா?

பதில்: தேவை. எந்த வலியும் தராத உணவை ஏன் ஒதுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த நோயில் வயிறு சொல்லும் சாட்சியை நம்ப முடியாது.

உங்களுக்கு நடந்ததையே பாருங்கள். நாம் சாப்பிடும் இரும்புச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. சீலியாக்கில் அதிகம் அடிவாங்குவதும் அதுதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது; அங்கே சத்துகளை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வலியோ வயிற்றுப்போக்கோ இல்லாமலே இவ்வளவும் நடந்து, கடைசியில் ரத்தசோகையாக வெளியே தெரிந்தது. கேக் சாப்பிட்ட மறுநாளும் அப்படித்தான். நீங்கள் உணரவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு குளூட்டன் கெடுதல்? தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்குப் பாதிப்பு வராது என்று கருதப்படுகிறது. சாதாரண பிரெட் துண்டு ஒன்றிலோ ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். ‘ஒரு வாய்தானே’ என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, பெரியவர்களுக்குக் குடல் மெதுவாகத்தான் ஆறும். இரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். எட்டாவது மாதத்தில் நீங்கள் பாதி வழியில்கூட இல்லாமல் இருக்கலாம். முழுதாக ஆறிய பிறகும் எதிர்ப்புச் சக்தி குளூட்டனை மறப்பதில்லை. புண் ஆறாமலே போனால் எலும்பு தேய்மானமும், அரிதாகச் சிறுகுடல் புற்றுநோயும் வரலாம்.

கேக்கை விடுவது எளிது, தெரியாமல் உள்ளே போவதுதான் தலைவலி. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெய், எல்லோரும் பயன்படுத்தும் டோஸ்டர், மாவு படிந்த பலகை இவற்றையும் கவனியுங்கள். ‘கோதுமை இல்லை’ என்ற லேபிள் போதாது, பார்லி இருக்கலாம். ‘குளூட்டன் இல்லை’ என்று போட, பல நாடுகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. ஓட்ஸ் என்றால் கோதுமையோ பார்லியோ கலக்காதது என்று லேபிளில் உறுதியாக இருக்க வேண்டும். சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது என்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

விருந்துக்கு அழைத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘டயட்’ என்று சொன்னால் ‘இன்றைக்கு ஒருநாள் பரவாயில்லை’ என்பார்கள். ‘இதுதான் எனக்கு மருந்து, வேறு மருந்து கிடையாது’ என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்.

சரி, வயிறு சொல்லாவிட்டால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இந்த நோயில் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி (tTG) ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையை இப்போது ஒருமுறை எடுங்கள், அளவு இயல்புக்கு வந்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை தொடருங்கள். அளவு இறங்கி வந்தால் நல்ல அறிகுறி, ஆனால் குடல் முழுதாக ஆறிவிட்டது என்பதற்கு அது மட்டும் உத்தரவாதம் ஆகாது. கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பாருங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை உங்களுக்கு வேண்டுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள். நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்புண்டு, உங்களைப் போலவே தொந்தரவு எதுவும் இல்லாமல்கூட. அவர்களையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும்.